கூலி வரும் வழிக்கு யார் காவல்?

உழைப்பவனின் கூலியைப் பறிப்பதற்குப் பல வழிகள் உண்டு. கூலியைக் குறைப்பது பழைய வழி. கூலி வந்துசேரும் பாதையையே அடைத்துவிடுவது நம் காலத்து வழி. இதனைப் பற்றி நாம் போதிய அளவு பேசுவதில்லை. பேசுகின்ற ஒருசிலரும், “வியாபாரம் என்றால் இடையூறு வரத்தான் செய்யும், சமாளிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்” என்று உபதேசித்து ஓய்ந்துவிடுகின்றனர். அந்த உபதேசத்தை மறுப்பதற்கே இதனை எழுதுகின்றோம்.

வெள்ளவத்தையின் அடுக்குமாடி வீடுகளிலும் கொட்டாஞ்சேனையின் ஒடுங்கிய ஒழுங்கைகளிலும் இன்று எத்தனையோ சிறு தொழில்கள் நடைபெறுகின்றன. ஒருத்தி சேலைக்கேற்ற சட்டை தைத்து, படம் எடுத்து, இணையத்தில் விற்கிறாள். ஓர் இளைஞன் வெளிநாட்டு நிறுவனங்களுக்கு வலைத்தளம் அமைத்துக் கொடுக்கிறான். எம்மைப் போன்ற ஆசிரியர் சிலர் பாடசாலை விட்ட பின்னர், ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழும் பிள்ளைகளுக்கு இணையவழியே தமிழ் கற்பிக்கின்றனர். இவர்களுக்குக் கடையும் இல்லை, கல்லாப்பெட்டியும் இல்லை. வாங்குவோரின் கடனட்டைக்கும் விற்போரின் வங்கிக் கணக்குக்கும் இடையே நிற்கின்ற கொடுப்பனவு நிறுவனமே இவர்களுடைய கல்லாப்பெட்டி. அந்தப் பெட்டியின் திறப்பு அந்நியன் ஒருவனின் இடுப்பில் தொங்குகிறது.

ஒருநாள் காலையில் மின்னஞ்சல் ஒன்று வருகிறது: “உங்கள் கணக்கு எமது விதிகளுக்கு முரணானது, சேவை நிறுத்தப்படுகிறது.” எந்த விதி? சொல்லப்படுவதில்லை. யாரிடம் முறையிடுவது? பதில் சொல்ல ஆளில்லை. கணக்கிலுள்ள பணமும் முடக்கப்படுகிறது. இது ஒப்பந்தத்திலேயே எழுதிவைக்கப்பட்ட அதிகாரம். நட்டம் நேரலாம் என்று கருதினால் கணக்கிலுள்ள பணத்தை 180 நாள்வரை நிறுத்திவைக்கப் பேபால் நிறுவனத்தின் ஒப்பந்தம் இடமளிக்கிறது. மாத வாடகை கொடுக்க வேண்டிய தையற்காரி 180 நாள் எதை உண்டு காத்திருப்பாள்? இன்னும் ஒன்றுண்டு. கொடுப்பனவு ஒப்பந்தம் முறிக்கப்பட்ட வணிகர்களின் பட்டியலொன்றை மாஸ்டர்காட் நிறுவனம் வைத்திருக்கிறது. அதில் ஏறிய பெயர் 5 ஆண்டுகள் அங்கே கிடக்கும். வேறு நிறுவனத்தின் வாசலுக்குச் சென்றாலும் அந்தப் பட்டியல் முன்கூட்டியே போய் நிற்கும். குற்றப்பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை. தண்டனை மாத்திரம் உண்டு.

நம் நாட்டவருக்கோ இந்தத் துன்பம் இரட்டிப்பானது. பேபால் நெடுங்காலமாக இலங்கையர் தன் வழியே பணம் செலுத்த இடமளித்தது. பணம் பெற இடமளிக்கவில்லை. வாங்கலாம், விற்கலாகாது! குடியேற்ற ஆட்சியில் சந்தைகள் நடத்தப்பட்ட முறையை இது நினைவூட்டவில்லையா? 2022 ஏப்ரல் 12 ஆம் திகதி, வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்திவைப்பதாக அரசு அறிவித்தது. மருந்துக்கும் எரிபொருளுக்கும் டொலர் இன்றி நாடு தவித்த காலம் அது. அந்நாளிலும், தன் இளைஞர் மடிகணினியின் முன் விழித்திருந்து உழைத்த டொலர் வந்துசேர நேரான பாதை ஒன்று அமைக்கப்படவில்லை. வேறு வழியின்றிப் பலர் வெளிநாட்டிலிருக்கும் மாமன், மைத்துனன் பெயரில் கணக்குத் திறந்தனர். அது விதிமீறல் என்று கூறி அக்கணக்குகள் மூடப்பட்டால் வாய் திறக்கவும் உரிமையில்லை. குறுக்குவழிக்குத் தள்ளியவர்களே குறுக்குவழியில் நடந்ததற்காகத் தண்டிக்கின்றனர்.

“மோசடிக்காரர் மலிந்துவிட்டனர், நிறுவனங்கள் தம்மைக் காத்துக்கொள்ள வேண்டாமா?” என்று சிலர் வினவலாம். வேண்டும். பொருள் அனுப்பாமலே பணம் பறிப்போர் இருக்கின்றனர். வாங்கியவர் முறையிட்டால் பணத்தை மீள அளிக்கும் பொறுப்பும் அந்நிறுவனங்களுக்கு உண்டு. ஆயின் திருடனைப் பிடிக்கும் அதிகாரம், குற்றமற்றவனைக் காரணங்கூறாது தண்டிக்கும் அதிகாரமாகிவிடலாகாது. காரணம் கூறுவதால் எந்த நிறுவனமும் முறிந்துபோவதில்லை.

“முன்யோசனையுள்ளவர் தப்பிக்கொள்வர்” என்பது மற்றொரு வாதம். 2020 மார்ச் 5 ஆம் திகதி இந்திய ரிசர்வ் வங்கி, நெருக்கடியில் வீழ்ந்த யெஸ் வங்கியின் செயற்பாடுகளுக்குத் தடை விதித்தது. அந்த ஒரு வங்கியை நம்பியிருந்த போன்பே என்னும் மாபெரும் நிறுவனத்தின் சேவை அன்றிரவே நின்றது. மறுநாளே அது ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்து எழுந்துவிட்டது. பெருநிறுவனத்துக்கு ஒரே நாளில் மாற்று வழி திறக்கிறது. கொட்டாஞ்சேனைத் தையற்காரிக்கு எந்த வங்கி ஒரே நாளில் கதவு திறக்கும்? இங்கே வேறுபடுவது முன்யோசனையன்று, மூலதனத்தின் பலம்.

இந்த அதிகாரம் வியாபாரத்தோடு நிற்பதுமில்லை. 2010 டிசம்பரில், அமெரிக்க அரசின் இரகசியங்களை வெளியிட்ட விக்கிலீக்ஸ் அமைப்புக்கு வரும் நன்கொடைகளைப் பேபால், விசா, மாஸ்டர்காட் ஆகியன தடுத்தன. எந்த நீதிமன்றமும் அவ்வாறு கட்டளையிட்டிருக்கவில்லை. 2013 ஏப்ரலில் ஐஸ்லாந்தின் உயர் நீதிமன்றம், விசாவின் அந்நாட்டுப் பங்காளியான வலிட்டோர் நிறுவனம் செய்தது ஒப்பந்த மீறல் எனத் தீர்த்து, வழியை மீளத் திறக்காவிடின் நாளொன்றுக்கு 8 இலட்சம் குறோனர் தண்டம் என்றது. ஆக, இந்நிறுவனங்களைச் சட்டத்தின் முன் நிறுத்த முடியாது என்பது பொய். சட்டம் யாருக்காக விழித்தெழுகிறது என்பதே வினா. பிரித்தானியாவில் எளிய மக்களின் கணக்குகள் மூடப்பட்டபோது எழாத ஆரவாரம், 2023 இல் அரசியல்வாதி நைஜல் பராஜின் கணக்கைச் செல்வந்தர் வங்கியான கூட்ஸ் மூடியபோது எழுந்தது. அதன் பின்னரே விதி திருத்தப்பட்டது: 2026 ஏப்ரல் 28 முதல் செய்யப்படும் ஒப்பந்தங்களுக்கு, சில விலக்குகள் நீங்கலாக, 90 நாள் முன்னறிவித்தலும் தெளிவான காரணமும் கட்டாயம். எவருக்காக வந்தாலென்ன, நல்ல விதி நல்ல விதியே. அது இங்கும் வேண்டும்.

கொழும்புக்கு இது புதிய போராட்டமன்று. குடியேற்றக் காலத்தில் வங்கித்தொழில் பிரித்தானிய வங்கிகளின் கையில் இருந்தது. அவை உள்நாட்டுச் சிறு வணிகரை நம்பவில்லை; செட்டியார் தெருவின் நாட்டுக்கோட்டைச் செட்டிமார் வாயிலாகவே கடன் அவர்களை வந்தடைந்தது. 1925 இல் செட்டியார் நிறுவனங்கள் சில முறிந்ததும் வங்கிகள் கையைச் சுருக்கிக்கொண்டன. இடையில் நின்றவருக்குக் கதவு அடைக்கப்பட, அவரை நம்பியிருந்த சிறு வணிகரும் தவித்தனர். அன்றும் “சமாளியுங்கள்” என்று சொன்னவர் இருந்திருப்பர். நாடு அதனோடு நின்றுவிடவில்லை. பொச்கானவாலாவின் தலைமையிலான வங்கி ஆணைக்குழு 1934 இல் அறிக்கை தந்தது. 1939 ஆகஸ்டில் இலங்கை வங்கி பிறந்தது. 1961 இல் அது தேசியமயமாக்கப்பட்டது. அதே ஆண்டில் மக்கள் வங்கியும் தோன்றியது. அவற்றின் குறைகளை நாம் அறிவோம். எனினும், பணம் செல்லும் பாதை பொதுமக்களின் பாதை என்ற கொள்கை அன்று நிலைநாட்டப்பட்டது. அந்தக் கொள்கையை இணையத்தின் வாசலில் நாம் கைவிட்டு நிற்கின்றோம்.

கருவிகள் நம்மிடம் இல்லாமலில்லை. 2005 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கக் கொடுப்பனவு மற்றும் தீர்ப்பனவு முறைமைகள் சட்டம் இருக்கிறது. மத்திய வங்கியும் வணிக வங்கிகளும் பங்குதாரராயுள்ள லங்காபே இருக்கிறது. லங்கா கியூஆர் இருக்கிறது. உள்ளூர் விற்பனைக்கு இவை பெரிதும் உதவும். கடல்கடந்து வரும் கூலிக்கும் இத்தகைய பொதுவழி வேண்டும். காரணங்கூறாது கணக்கை மூடலாகாது. முன்னறிவித்தல் வேண்டும். மேன்முறையீட்டுக்கு மத்திய வங்கியின் கீழ் ஓர் அமைப்பு வேண்டும். முடக்கிய பணத்தில் பிணக்கில்லாத பகுதி உடனே விடுவிக்கப்படல் வேண்டும்.

அதுவரை என்ன செய்வது? ஒரே வழியை நம்பியிராதீர்கள். இரண்டாவது வழியை முதலாவது திறந்திருக்கும்போதே தேடுங்கள். பணத்தைக் கணக்கில் தேங்கவிடாது வங்கிக்கு எடுங்கள். வாடிக்கையாளரின் விவரங்களையும் பொருள் அனுப்பிய பற்றுச்சீட்டுகளையும் உங்கள் கையிலேயே வைத்திருங்கள். மூடப்பட்டால் எழுத்தில் காரணம் கேளுங்கள். இவை தேவையானவை. ஆனால் இவை வெள்ளத்தில் வீட்டுப்பொருளைப் பரணில் ஏற்றும் வேலை. அணை கட்டும் வேலை வேறு. தோட்டத் தொழிலாளியும் துறைமுகத் தொழிலாளியும் தனித்தனியே கெஞ்சிக் கூலி உரிமை பெறவில்லை, சங்கமாகத் திரண்டே பெற்றனர். இணையத்தில் உழைப்போருக்கு இன்னும் சங்கம் என்னும் நினைவே எழவில்லை. ஒவ்வொருவரும் தம் அறையில், தம் திரையின் முன், தம் துன்பம் தமக்கு மட்டுமே நேர்ந்ததென எண்ணியிருக்கின்றனர்.

அவர்களிற் பலர் நம் வகுப்பறைகளிலிருந்து சென்றவர்கள். நாளை இன்னும் பலர் செல்வர். கணினியில் உழைக்கக் கற்பிக்கும் நாம், அந்த உழைப்பின் ஊதியத்தை உரிமையோடு கேட்கவும் கற்பிக்க வேண்டாமா?