அரை நொடியின் அரசியல்

நாற்பத்தோரு குண்டு. 1999 பிப்ரவரி 4, நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதி. கினி நாட்டிலிருந்து பிழைக்க வந்த அமாது டியாலோ தன் வீட்டு வாசலில் நிற்கிறார். மஃப்டியில் நான்கு போலீஸ்காரர்கள். அவர் எடுத்தது பர்ஸ். அவர்களுக்குத் தெரிந்தது துப்பாக்கி. 41 முறை சுட்டார்கள். 19 குண்டுகள் உடம்பில் பாய்ந்தன. அடுத்த ஆண்டே நான்கு பேரும் விடுதலை. அவசரத்துல தப்பாத் தெரிஞ்சிருச்சாம்.

இந்தத் 'தெரிஞ்சிருச்சு' என்கிற சொல்லைத்தான் பிரித்துப் போட்டுப் பார்க்க வேண்டியிருக்கிறது, தோழர்களே.

டியாலோ கொலையை முன்வைத்து ஜோஷுவா கோரல் என்ற உளவியலாளரும் அவரது கூட்டாளிகளும் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். வீடியோ விளையாட்டு மாதிரி ஒன்று. திரையில் கறுப்பரோ வெள்ளையரோ தோன்றுவார். கையில் துப்பாக்கி இருக்கும், அல்லது செல்போன், பர்ஸ் என்று ஏதாவது. சுட ஒரு பொத்தான், விட ஒரு பொத்தான். ஒரு நொடிக்கும் குறைவான அவகாசம். துப்பாக்கி வைத்திருந்த கறுப்பரைச் சீக்கிரம் சுட்டார்கள். வெறும் ஆளாக நின்ற வெள்ளையரைச் சீக்கிரம் விட்டார்கள். அவகாசத்தை இன்னும் குறைத்தபோது, ஆயுதமில்லாத கறுப்பரைச் சுட்டுவிடுகிற தவறு கூடியது. இது நமக்குத் தெரியாத சேதியா? இல்லை. ஆனால் இந்த நொடிக்குள்ளே நடப்பது என்ன என்று கணக்குப் போட்டுக் காட்ட ஒரு சூத்திரம் இருக்கிறது. அது தெரிந்திருக்க வேண்டும்.

1978-இல் ரோஜர் ராட்கிளிஃப் என்ற அறிதல் உளவியலாளர் முன்வைத்த 'டிஃப்யூஷன் மாடல்' அது. பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். கேஷ் கவுண்ட்டரில் நான் தினமும் செய்கிற வேலைதான். ஐந்நூறு ரூபாய்த் தாள் வருகிறது. விரலில் காகிதத்தின் சொரசொரப்பு, கண்ணில் அந்தப் பச்சை இழை, வெளிச்சத்தில் காந்தியின் நிழல். ஒவ்வொன்றும் 'நல்லது' என்ற பக்கமோ 'கள்ளம்' என்ற பக்கமோ மனசை இழுக்கிறது. இரண்டு பக்கமும் இரண்டு கோடு. எந்தக் கோட்டை முதலில் தொடுகிறதோ அதுவே முடிவு. கோடுகளுக்கு இடையே எவ்வளவு தூரம் என்பது என் ஜாக்கிரதை. எங்கிருந்து கிளம்புகிறேன் என்பது பார்க்கும் முன்பே எனக்குள் இருக்கும் சாய்வு. எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக இழுக்கிறது என்பது சான்று சேரும் வேகம். கண்ணும் விரலும் இயங்க ஆகும் நேரம் தனி. ஆக நான்கு எண்கள்.

பிளெஸ்காக், சிசாரியோ, ஜான்சன் மூவரும் இந்தச் சூத்திரத்தைச் சுடும் விளையாட்டின்மேல் போட்டுப் பார்த்து 2018-இல் எழுதினார்கள். நிறம் எங்கே உட்கார்ந்திருக்கிறது? சான்று சேரும் வேகத்தில். கையிலிருக்கும் பொருளோடு சேர்ந்து ஆளின் தோலும் சான்றாகக் கணக்கில் ஏறுகிறது. தோலே துப்பாக்கியாகிறது! நிதானமாகப் பார் என்று புத்திமதி சொல்லும் தாராளவாதிகள் இதைக் கவனிக்க வேண்டும். நிதானம் தவறைக் குறைக்கலாம், பார்வையைத் திருத்தாது.

இங்கே சில மேட்டிமை அறிவாளிகள் துள்ளிக் குதிப்பார்கள். கோரலின் 2002 ஆய்விலேயே, கலந்துகொண்ட கறுப்பர்களிடமும் இதே சாய்வு இருந்தது. "பாத்தீங்களா, இதுல இனவெறி எங்க இருக்கு? மனுஷ சுபாவம்ப்பா" என்பார்கள். சுபாவமா? ஆதிக்கம் தன் கண்ணை ஒடுக்கப்பட்டவன் முகத்திலும் பொருத்திவிட்டுப் போயிருக்கிறது என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

என்னையே சொல்கிறேன். அழுக்கு வேட்டி கட்டிய பெரியவர் ஒருவர் பணம் எடுக்கும் சீட்டை நீட்டினார். மாதிரிக் கையெழுத்தோடு மூன்று தடவை ஒப்பிட்டேன். அவருக்கு முன்னால் வந்த சலவைச் சட்டைக்காரருக்கு ஒரே பார்வைதான். "கையெழுத்து சரியில்லீங்களா சார்?" என்றார் பெரியவர். சரியாகத்தான் இருந்தது. நான் சேரியில் பிறந்தவன். என் அப்பனும் இப்படித்தான் ஒரு கவுண்ட்டரில் நின்றிருப்பான். அந்த வேட்டியை எனக்குள் சான்றாக ஏற்றி வைத்தது யார்?

சூத்திரம் இதற்குப் பதில் சொல்லாது. வேகம் எவ்வளவு என்று சொல்லும். அந்த வேகம் எந்தத் தலைமுறைகளில் ஊறியது என்று சொல்லாது. படம் திரையில் தோன்றும் நொடிதான் அதற்குப் பூஜ்யம். ஓடிப்போன அடிமைகளைத் தேடிப் பிடித்த ரோந்துப் படைகள், தனி வாசல், தனிக் குழாய் எல்லாம் பூஜ்யத்துக்கு முன்னால் நடந்தவை. சோதனைச்சாலையில் அப்படி ஒரு பூஜ்யம் வைத்துக்கொள்ளலாம். நீதிமன்றத்தில் வைத்தால்?

வைத்தார்கள். 1984-இல் சார்லட் நகரில் டெத்தோர்ன் கிரகாம் என்ற கறுப்பருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. ஆரஞ்சு ஜூஸ் வாங்கக் கடைக்குள் போனார். வரிசை நீளம் என்று உடனே வெளியே ஓடி வந்தார். அந்த ஓட்டமே போலீஸுக்குச் சான்றாகிவிட்டது. விலங்கு மாட்டினார்கள், கால் எலும்பு முறிந்தது. நண்பர் கொண்டுவந்த ஜூஸைக்கூடக் கொடுக்க விடவில்லை. வழக்கு உச்ச நீதிமன்றம் போய் 1989-இல் மறுவிசாரணைக்குத் திரும்பியது. ஆனால் அங்கே வகுத்த அளவுகோல் நிலைத்துவிட்டது: கணப்பொழுதில் முடிவெடுக்கும் போலீஸ்காரரின் இடத்திலிருந்து பார்க்க வேண்டுமாம். நான் கேட்கிறேன், ஒரு ஜூஸை மறுப்பது கணப்பொழுது முடிவா?

2014-இல் கிளீவ்லாந்தில் தாமிர் ரைஸ். பன்னிரண்டு வயசுப் பிள்ளை, பூங்காவில் பொம்மைத் துப்பாக்கி. போன் செய்தவர், சின்னப் பையனாக இருக்கலாம், துப்பாக்கியும் பொய்யாக இருக்கலாம் என்றுதான் சொன்னார். அந்தச் சேதி ரோந்துக் காருக்குப் போகவில்லை. கார் வந்து இரண்டு நொடிக்குள் சுட்டார்கள். அந்த இரண்டு நொடியை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு, 2015-இல் வழக்கே வேண்டாம் என்று முடித்தார்கள். சொல்லாமல் விட்ட சேதிக்கு யார் கடிகாரம் வைத்தது?

கணிதம் அவாளுடையது என்று ஒதுங்க வேண்டாம், மாணவத் தோழர்களே. இந்தச் சூத்திரத்தைப் படியுங்கள். வெறி விரலில் இல்லை, பார்வையிலேயே இருக்கிறது என்று எண்ணால் நிரூபிக்க உதவும் கருவி அது. ஆனால் எவன் 'கணப்பொழுது' என்று வாய் திறந்தாலும், உன் பூஜ்யம் எங்கே தொடங்குகிறது என்று கேளுங்கள்.

எனக்கு அந்தச் சாக்கும் கிடையாது. என் கையில் துப்பாக்கி இல்லை, என்னை யாரும் அவசரப்படுத்தவில்லை. முழுசாக ஒரு நிமிஷம் அந்தப் பெரியவரை நிற்க வைத்தேன்.