கோடும் சொல்லும்

மலையாள எழுத்தாளர் ஓ. வி. விஜயனைப் போற்றுவோர் பலர், ‘கசாக்கின் இதிகாசம்’ என்னும் புதினத்தோடு நின்றுவிடுகின்றனர். அவர்தம் கேலிச்சித்திரங்கள் வயிற்றுப்பாட்டுக்காக வரையப்பட்டவை என்பது அவர்கள் எண்ணம். அது பொருந்தாது.

1930இல் பாலக்காட்டில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் பயின்ற விஜயன், 1958இல் தில்லி சென்று ‘சங்கர்ஸ் வீக்லி’ இதழில் சேர்ந்தார். அவர் சித்திரங்களில் கோடுகள் குறைவு. உருவங்களின் உரையாடலே அங்கதத்தைத் தாங்கும். ‘கலாகௌமுதி’யில் அவர் வரைந்த தொடரின் பெயரே ‘சிறிது பொழுதுபோக்கு, சிறிது தத்துவம்’ என்று பொருள்படும். சிரித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்ட அவை விடுவதில்லை.

அதே கைதான் ‘தர்மபுராண’த்தையும் எழுதியது. ஆள்வோனின் மலத்தையும் புனிதமெனப் போற்றும் நாட்டின் கதை அது. அருவருப்பு எனப் பலர் முகம் சுளித்தனர். சுளிக்க வைப்பதுதானே அங்கதத்தின் வேலை! நெருக்கடிநிலைக்கு முன்பே எழுதப்பட்ட அப்புதினம் 1985இல்தான் நூலாயிற்று. கேலிச்சித்திரக்காரர்கள் அதிகாரத்தின் மூக்கைப் பெரிதாக்கி வரைவர். விஜயன் அதன் குடலையே வரைந்து காட்டினார்.

இறுதி ஆண்டுகளில் நடுக்குவாத நோயால் எழுதவும் வரையவும் இயலாமல் தளர்ந்த அவர், 2005இல் ஐதராபாத்தில் காலமானார்.