கிண்ணம் வந்தபின் கைதட்டுவோர்

அண்மையில் ஒரு மாலைப் பொழுதில், வட்டுக்கோட்டையில் சிறுமியர் வலைப்பந்து ஆடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்களுள் நெடிதுயர்ந்த ஒருத்தியை, வேலியோரம் நின்றவர் ‘பனை’ என்று அழைத்துச் சிரித்தார். அடுத்த ஆண்டு சாதாரண தரப் பரீட்சை. இத்துடன் விளையாட்டு போதும் என்று வீட்டில் சொல்லிவிட்டார்களாம்.

எனக்குத் தர்ஜினி சிவலிங்கத்தின் நினைவு வந்தது. புன்னாலைக்கட்டுவன் தந்த அந்த வீராங்கனையும் இளமையில் தமது உயரத்துக்காகக் கேலிக்கு உள்ளானவரே. இலங்கை மகளிர் அணி 2009, 2018, 2022 ஆகிய ஆண்டுகளில் ஆசிய வலைப்பந்தாட்டச் சம்பியனானபோது, மூன்று வெற்றிகளிலும் அவருக்குப் பங்குண்டு. 2019இல் லிவர்பூலில் நடந்த உலகக் கிண்ணத் தொடரில் 348 கோல்களுடன் முதலிடம் பெற்றவரும் அவரே. பிறகுதான் அவர் ‘எங்கள் பிள்ளை’ ஆனார்.

2022 செப்டெம்பர் 11 அன்று துபாயில் கிரிக்கெட் அணி பாகிஸ்தானை வென்று ஆசியக் கிண்ணத்தைக் கைப்பற்றியது. அதே நாளில் சிங்கப்பூரில் நம் மகளிர், சிங்கப்பூர் அணியை அதன் சொந்த மண்ணிலேயே 63-53 என வென்றனர். முன்னைய வெற்றியை அறிந்தோருள் எத்தனை பேர் பின்னையதை அறிவர்?

நானும் குற்றமற்றவன் அல்லன். பத்திரிகையில் பணியாற்றிய காலத்தில் கிரிக்கெட்டுக்கு அரைப் பக்கம் ஒதுக்கிவிட்டு, பெண்களின் வலைப்பந்தாட்டத்தை நான்கு வரிகளாக நறுக்கியிருக்கிறேன்.

தர்ஜினியைப் பாராட்டுவது எளிது. பரீட்சை முடிந்ததும் அந்த வட்டுக்கோட்டைச் சிறுமியை மீண்டும் மைதானத்துக்கு அனுப்புவதுதான் கடினம். அதைச் செய்யாதவரை, வென்று வந்த கிண்ணத்தில் பங்கு கேட்கும் உரிமை நமக்கில்லை.