பின்னுகிற கைக்குக் கூலி எங்கே?

வீட்டிலிருந்து பெண்கள் செய்யிற வேலை என்றாலே, "அது சும்மா பொழுதுபோக்கு" என்று சொல்லிவிடுகிறோம். லேஸ் பின்னலின் கதை தெரிந்தால் அப்படிச் சொல்ல வாய் வராது.

1819இல் மிஷனரி சார்ல்ஸ் மோல்ட்டும் மனைவி மார்த்தாவும் நாகர்கோவிலுக்கு வந்தார்கள். அங்குள்ள பெண்பிள்ளைகளுக்கு மார்த்தா லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். திருவிதாங்கூரில் அப்போது அடிமைமுறை இருந்தது; 1855இல்தான் அது ஒழிந்தது. அதற்கு முன்னமே, லேஸில் உழைத்த காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்ட பெண்கள் இருந்தார்கள். இதுவா பொழுதுபோக்கு? மார்த்தாவின் மகள் எலைசா 1844இல் கால்டுவெல்லை மணந்து, இடையன்குடிக்கும் அந்தப் பின்னலைக் கொண்டுபோனார். கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் எங்களுக்குத் தெரியும். எலைசாவை எத்தனை பேருக்குத் தெரியும்?

இலங்கையில் காலி, வெலிகம பக்கம் பீரலு லேஸ் இருக்கிறது. உருண்டைத் தலையணையில் குண்டூசி குத்தி, மரக்கட்டைகளில் சுற்றிய நூலை மாறி மாறிப் போட்டுப் பின்ன வேண்டும். ஒரு சின்னத் துண்டுக்கே மணித்தியாலக் கணக்கில் குந்தியிருக்க வேணும். அதையும் பேரம் பேசித்தான் வாங்குகிறோம்.

கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை இருக்கிறது, பீரலு இல்லை. ஆனால் ஓலையில் பாயும் பெட்டியும் இழைக்கத் தெரிந்த உம்மாமாரும் அம்மாமாரும் இருக்கிறார்கள். "பாரம்பரியத்தைக் காப்போம்" என்று மேடையில் பேசினால் மட்டும் அந்தக் கை ஓடாது. இழைத்த நேரத்துக்குக் கூலி கிடைக்க வேணும். அது கிடைக்காத வேலையை மகள் ஏன் பழக வேண்டும்?

அடுத்தமுறை விலையைக் குறைக்கக் கேட்க முன்னம், "இதை இழைக்க எத்தனை நாள் பிடிச்சது?" என்று கேளுங்கள்.