பழுது பார்ப்பதா, பாகம் மாற்றுவதா?

எமது பங்கைச் சேர்ந்த ஒருவர், சிறிய ஜப்பானியக் கார் ஒன்றை ஹயருக்கு ஓட்டிக் குடும்பம் நடத்துபவர், அண்மையில் எம்மிடம் கடன் கேட்டு வந்தார். வீட்டில் நோயா, பிள்ளையின் படிப்புச் செலவா என்று விசாரித்தோம். இரண்டுமில்லை, காரின் ஒட்சிசன் சென்சர் என்றார்.

நடந்தது இதுதான். டாஷ்போர்ட்டில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. நகரத்துக் கராஜ் ஒன்றில் ஸ்கானரைப் பொருத்திப் பார்த்தார்கள். பி 0135 என்று இலக்கம் வந்தது. முன் ஒட்சிசன் சென்சரின் ஹீற்றர் போய்விட்டது என்று சொல்லிச் சென்சரை மாற்றினார்கள். விளக்கு அணைந்தது. நாலைந்து நாளில் திரும்ப எரிந்தது. "போட்டது டூப்ளிக்கேற், ஒறிஜினல் போட்டால்தான் நிற்கும்" என்று இன்னொன்றைப் போட்டார்கள். அதுவும் ஒரு கிழமை தாங்கவில்லை. மனைவி சீட்டுப் பிடித்துச் சேர்த்த காசு இரண்டு சென்சர்களுக்குள் போய்விட்டது. மூன்றாவதாக எஞ்சின் கணினியையே மாற்ற வேண்டும் என்று சொன்னபோதுதான் அவர் எம்மிடம் வந்தார்.

கடனைப் பற்றிப் பிறகு பேசலாம், முதலில் காரை எமது தொழிற்பயிற்சி நிலையத்துக்குக் கொண்டு வாருங்கள் என்றோம். அங்குள்ள போதனாசிரியர், கழற்றிப் பையில் போட்டிருந்த முதற் சென்சரையே எடுத்து அளந்தார். அதில் ஒரு பிழையும் இல்லை. பின்னர் காரில் அந்தச் சென்சருக்கு மின்சாரம் கொண்டுவரும் வயரைத் தடவிக்கொண்டே போனார். பற்றரித் தட்டுக்குக் கீழே எலி கடித்திருந்தது. உள்ளே செம்பு இழைகளில் ஒன்றிரண்டு மாத்திரம் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு சாண் வயரோடு வேலை முடிந்தது.

இந்தச் சென்சரின் வேலை என்னவென்று தெரியாத வாசகர்களுக்குச் சில வார்த்தைகள். பெற்றோல் ஒரு பங்கு எரிய, நிறைப்படி ஏறத்தாழ 14.7 பங்கு காற்று வேண்டும். புகைக் குழாயில் எஞ்சி வரும் ஒட்சிசனை உணர்ந்து, பெற்றோல் கூடிவிட்டதா குறைந்துவிட்டதா என்று கணினிக்குச் சொல்வதே இதன் பணி. ஆனால் இதன் உள்ளேயுள்ள சேர்க்கோனியா என்னும் பீங்கான் போன்ற பொருள், ஏறத்தாழ 300 பாகை செல்சியசுக்கு மேல் சூடேறினால்தான் வேலை செய்யும். 1976இல் பொஷ் நிறுவனத்தின் சென்சர் முதன்முதலாக வொல்வோ கார்களில் வந்தபோது, புகையின் சூட்டையே அது நம்பியிருந்தது. 1982இல் அதே நிறுவனம் சென்சருக்குள் ஒரு சிறு மின் ஹீற்றரை வைத்தது. காரை இயக்கியதும் சென்சர் விரைவில் விழித்துக்கொள்வதற்கு அதுவே வழி.

ஹீற்றர் வேலை செய்யாவிட்டால் கார் நின்றுவிடாது. ஆபத்தே அதில்தான் இருக்கிறது. நீண்ட வீதியில் ஓடும்போது புகையின் சூடே சென்சரை எழுப்பிவிடும். சாரதிக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் சந்தைக்கும் பாடசாலைக்கும் ஆஸ்பத்திரிக்கும் என்று கிராமத்துக்குள் சின்னச் சின்ன ஓட்டம் ஓடும் காரில், கணினி கண் தெரியாத நிலையில் உத்தேசமாகப் பெற்றோலை ஊற்றிக்கொண்டிருக்கும். வீணாகும் பெற்றோல் ஒருபுறமிருக்க, அது பின்னாலுள்ள புகை சுத்திகரிப்பானையும் நாளடைவில் கெடுக்கும். 2022 ஜூனில் 92 ஒக்ரேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாவுக்கு ஏறி, வரிசையில் நாட்கணக்காய் நின்ற எமக்கு, இந்த மஞ்சள் விளக்கு எத்தனை லீற்றரைக் குடித்தது என்று யோசிக்க அப்போது தோன்றவில்லை.

இனி பி 0135 என்ற இலக்கத்துக்கு வருவோம். அது சென்சர் பழுது என்று சொல்வதில்லை. முன் சென்சரின் ஹீற்றர் மின்சுற்றில் ஏதோ பிழை என்று மட்டுமே சொல்கிறது. அந்தச் சுற்றிலோ பற்றரி, ரிலே, பியூஸ், வயர், கொனெக்டர், ஹீற்றர், கணினிக்குள் இருக்கும் ஆளி என்று பல இடங்கள் உண்டு. பின் சென்சரின் ஹீற்றருக்கான இலக்கம் பி 0141. இரண்டும் ஒரே நாளில் சேர்ந்து வந்தால், இரண்டு ஹீற்றரும் ஒன்றாகக் கருகின என்று நம்புவதைவிட, இரண்டுக்கும் பொதுவான பியூசைக் கழற்றிப் பார்ப்பது புத்தி.

இன்னொரு விடயம் பலருக்குத் தெரியாது. பல கார்களில் இப்பிழை அடுத்தடுத்த இரண்டு ஓட்டங்களில் காணப்பட்டால்தான் விளக்கு எரியும். ஆகவே எதையும் திருத்தாமல் ஸ்கானரால் இலக்கத்தை அழித்துவிட்டாலும் சிறிது காலம் விளக்கு எரியாது. கராஜை விட்டு வெளியேறும் வாகனம் திருந்தியது போலவே தோன்றும். எமது ஹயர்காரர் இரண்டு முறை ஏமாந்தது இப்படித்தான். கராஜ்காரரும் தாம் திருத்திவிட்டதாகவே மனப்பூர்வமாக நம்பியிருக்கலாம்.

அவர் ஒன்றையும் அளக்காமல் விடவுமில்லை. சென்சரின் கொனெக்டரைக் கழற்றி மீற்றரை வைத்தபோது அது 12 வோல்ட் காட்டியதாம். வயர் சரி, எனவே சென்சர்தான் பிழை என்று தீர்மானித்திருக்கிறார். பிழை இந்த இடத்தில்தான். டிஜிற்றல் மீற்றர் மின்னோட்டத்தை எடுப்பதேயில்லை என்று சொல்லலாம். ஒரு மயிரிழை வயர் தொட்டுக்கொண்டிருந்தாலும் அதற்கு 12 வோல்ட் தெரியும். அடைபட்ட தண்ணீர்க் குழாயை நினைத்துப் பாருங்கள். நுனியை விரலால் பொத்திப் பிடித்தால் அழுத்தம் தெரியும், திறந்தால் சொட்டுத்தான் வரும். சுமையை வைத்து அளக்க வேண்டும். அதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பிரேக் விளக்கின் 21 வாட் பல்ப் ஒன்று ஏறத்தாழ 1.75 அம்பியர் எடுக்கும். ஹீற்றரின் மின் வரும் முனைக்கும் காரின் உடலுக்கும் இடையில் அதைப் பிடித்தால், வயர் நல்லதாயின் பளீரென்று எரியும், எலி கடித்ததாயின் மங்கும். சில கார்களில் எஞ்சின் ஓடினால்தான் அந்த முனைக்கு மின் வரும் என்பதையும், சென்சரின் செய்தி செல்லும் வயர்களில் பல்பை ஒருபோதும் வைக்கக் கூடாது என்பதையும் பயிற்சியாளருக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும்.

ஹீற்றரை அளப்பது அதைவிடச் சுலபம். சென்சரிலிருந்து வரும் நாலு வயர்களில் ஒரே நிறமான இரண்டும் பெரும்பாலும் ஹீற்றருக்குரியவை. பழைய ரொயோட்டாக்கள் பலவற்றில், 20 பாகையில் அவற்றுக்கிடையே 11 முதல் 16 ஓம் வரை இருக்க வேண்டும். எஞ்சின் சூடாயிருக்கும்போது அளந்தால் கூடுதலாகக் காட்டும், ஆறவிட்டே அளக்க வேண்டும். எல்லையற்றது என்று காட்டினால் ஹீற்றர் அறுந்துவிட்டது, தயங்காமல் மாற்றலாம். ஆனால் பிந்திய ரொயோட்டாக்களில் முன்னால் வரும் காற்று - எரிபொருள் விகித சென்சருக்கு 1.8 முதல் 3.4 ஓம்தான் சரியான அளவு. ஒன்றில் குறுஞ்சுற்று என்று எண்ணத்தக்க இரண்டு ஓம் மற்றதில் ஆரோக்கியத்தின் அடையாளம். எந்தக் கார், எந்தச் சென்சர் என்று தெரியாமல் அளந்த எண் எதையும் சொல்லாது.

ஹீற்றர் உண்மையாகவே கருகுவதும் உண்டு, அடிக்கடி உண்டு. குழாய்க்குள் தங்கிய நீர் தெறித்தோ, நிலத்தில் விழுந்தோ உள்ளிருக்கும் பீங்கான் வெடிக்கலாம். முதிர்ந்த சென்சரை மாற்றச் சொல்வதும் தவறல்ல. அளக்காமல் மாற்றுவதையே நாம் தவறு என்கிறோம். அதைவிடக் கேவலமான தவறும் ஒன்றிருக்கிறது: ஹீற்றருக்குப் பதிலாகக் கொனெக்டரில் ஒரு தடையியைச் செருகிக் கணினியை ஏமாற்றுவது. விளக்கு அணையும், சென்சர் குளிர்ந்தே கிடக்கும். 14 வோல்ட்டில் 12 ஓம் தடையி ஒன்று ஏறக்குறைய 16 வாட் சூட்டைக் கக்கிக்கொண்டு பக்கத்து வயர்களை உருக்கும். இதற்கும் கூலி வாங்குகிறார்கள்.

இவ்வளவையும் ஓர் அபிவிருத்திச் சஞ்சிகையில் எழுதுவதேன்? 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். இடைப்பட்ட ஐந்து ஆண்டுகளில் இருந்த வாகனங்களே ஓடி ஓடி முதிர்ந்தன. கிராமத்தில் அவை வசதியின் சின்னமல்ல, பிழைப்பு. பழைய வாகனத்தை நேர்மையாக ஓடவைக்கத் தெரிந்த இளைஞன் ஒருவன் தன் ஊருக்குச் செய்யும் சேவை சிறிதல்ல. எமது பயிற்சி நிலையங்களோ உதவி நிறுவனங்களிடம் முதலில் கேட்பது பெரிய ஸ்கானரைத்தான். வந்ததும் மாலை போட்டுப் படம் பிடிக்கிறோம். பிள்ளைகள் இலக்கங்களை மந்திரம் போல மனனம் செய்கிறார்கள். ஓமின் விதியைக் கேட்டால் விழிக்கிறார்கள். மின்சுற்றுப் படங்கள் ஆங்கிலத்திலோ ஜப்பானிய மொழியிலோ இருப்பதும் ஒரு காரணம். நாலைந்து வகைக் கார்களின் படங்களையாவது தமிழில் வரைந்து சுவரில் தொங்கவிட எமக்கு எவ்வளவு செலவாகும்? மீற்றரும் பல்பும் கைக்குப் பழகும்வரை ஸ்கானரை அலுமாரியில் பூட்டி வைப்பதே நல்லது என்பது எமது எண்ணம். காயத்தைத் தொட்டுப் பார்க்காமல் நம்பமாட்டேன் என்ற தோமையாரை நாம் மறையுரைகளில் கண்டிப்பதுண்டு. கராஜில் அவரைப் போன்றவரே வேண்டும்.

மெக்கானிக்கை மாத்திரம் குறை சொல்வது நியாயமுமல்ல. இரண்டு மணி நேரம் வயரைத் தடவிப் பழுதைக் கண்டுபிடித்தவனுக்கு நாம் என்ன கொடுக்கிறோம்? பாகம் மாற்றினால் பாகத்தின் விலையோடு கூலியும் கேட்கலாம், நாமும் கொடுக்கிறோம். பார்த்ததற்குக் கூலி கேட்டால் கொள்ளை என்கிறோம். பங்கு வாகனங்களைக் கொண்டுபோகும் குருக்களாகிய நாமும் இதற்கு விலக்கல்ல. "கோயில் வாகனம்தானே, சும்மா பார்த்துச் சொல்" என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்! கண்டறியும் வேலைக்குக் கூலியில்லாத இடத்தில், எவனும் பாகத்தைத்தான் விற்பான்.

எமது நிலையத்துப் பற்றுச்சீட்டில் இப்போது பார்த்த கூலி என்று தனி வரி அச்சிட்டிருக்கிறோம். முதல் சீட்டு அந்த ஹயர்காரருக்கே போனது. போதனாசிரியரின் இரண்டு மணி நேரத்துக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபா. அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு எம்மிடம் வந்தார். "ஒரு துண்டு வயருக்கா சுவாமி, இவ்வளவு?" என்றார்.