அலமாரி சொல்லும் அளவு



நம்மில் பலருடைய பிள்ளைகள் இன்று கல்லாவில் உட்காரவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் கம்ப்யூட்டர் கம்பெனிகளில் வேலை பார்க்கிறார்கள். பொங்கலுக்கு ஊருக்கு வந்தால் ‘லீன்’, ‘கான்பான்’ என்று தங்களுக்குள் பேசிக்கொள்கிறார்கள். நமக்குச் சம்பந்தமில்லாத சங்கதி என்று நாம் ஒதுங்கிவிடுகிறோம். விசாரித்துப் பார்த்தால் அந்த முறையின் வேர் மளிகைக் கடையில் இருக்கிறது! நம் தொழிலிலிருந்து வெளியே போன சரக்கை நாமே திரும்பக் கொள்முதல் செய்ய வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே நமது கருத்து.

அமெரிக்காவில் மெம்பிஸ் நகரில் 1916ஆம் ஆண்டு கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் ‘பிக்லி விக்லி’ என்ற மளிகைக் கடையைத் திறந்தார். வாடிக்கையாளர் தாமே அலமாரியிலிருந்து சரக்கை எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அங்கேதான் பிரபலமாயிற்று. ஜப்பானில் டொயோட்டா மோட்டார் கம்பெனியில் தைச்சி ஓனோ என்ற பொறியாளர் இருந்தார். 1956இல் அமெரிக்கா சென்றபோது இத்தகைய கடைகளை நேரில் கண்டார். வாடிக்கையாளர் வேண்டியதை, வேண்டியபோது, வேண்டிய அளவு எடுக்கிறார். கடைக்காரர் போன சரக்கை மட்டும் திரும்ப நிரப்புகிறார். இந்தச் சின்ன விஷயம் ஓனோவின் மனதில் பதிந்தது. தொழிற்சாலையும் இப்படி ஏன் நடக்கக் கூடாது என்று யோசித்தார்.

கான்பான் என்ற ஜப்பானியச் சொல்லுக்குக் கடையின் பெயர்ப்பலகை என்றும் பொருள் உண்டு. டொயோட்டாவில் அது ஒரு சிறு அட்டை. உதிரிபாகப் பெட்டியோடு அட்டை இருக்கும். பெட்டியிலிருந்து பாகத்தை எடுத்ததும் அட்டை முந்தைய பிரிவுக்குத் திரும்பும். அட்டை வந்தால்தான் அவர்கள் அடுத்ததைச் செய்யலாம். வராவிட்டால் செய்யக் கூடாது. செய்து குவித்து அடுத்தவன் தலையில் தள்ளும் வழக்கத்துக்கு அங்கே இடமில்லை. விரயங்களிலெல்லாம் பெரிய விரயம் தேவைக்கு மேல் உற்பத்தி செய்வதே என்பது ஓனோவின் தீர்மானம். இம்முறைக்குக் கொழுப்பில்லாதது என்ற பொருளில் ‘லீன்’ என்று அமெரிக்கர்கள் பின்னாளில் பெயர் வைத்தார்கள்.

கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இது எதற்கு? அவர்களுக்கு மூட்டையுமில்லை, குடோனுமில்லையே என்று கேட்கலாம். அங்கேதான் சூட்சுமம். பாதி எழுதி நிறுத்திய புரோகிராமும், எழுதி முடித்துச் சோதிக்காமல் கிடக்கும் புரோகிராமும் அவர்களுடைய தேங்கிய சரக்கு. நம் மூட்டையை எலி கடித்தால் கண்ணுக்குத் தெரியும். அவர்களுடைய தேக்கம் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சுவரில் ஒரு பலகை மாட்டினார்கள். செய்ய வேண்டியது, செய்துகொண்டிருப்பது, சோதனையில் இருப்பது, முடிந்தது என்று கட்டம் போட்டு, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சீட்டு ஒட்டினார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இத்தனை சீட்டுக்கு மேல் கூடாது என்று வரம்பும் வைத்தார்கள். சோதனைக் கட்டம் நிரம்பிவிட்டால், எழுதுகிறவர் புது வேலையைத் தொடக் கூடாது. போய்ச் சோதனைக்குக் கை கொடுக்க வேண்டும்.

இதற்கு ஐதராபாத்திலேயே உதாரணம் இருக்கிறது. மைக்ரோசாப்ட் கம்பெனியின் உள் உபயோகப் புரோகிராம்களைப் பழுது பார்த்த ஒரு சிறு குழு அங்கே வேலை செய்தது. 2004இல் ஒரு கோரிக்கை முடிய ஏறக்குறைய 5 மாதம் ஆயிற்று. ஆட்கள் சோம்பேறிகள் அல்லர். வருகிற ஒவ்வொரு கோரிக்கைக்கும், இதற்கு எத்தனை நாள் ஆகும் என்று மதிப்பீடு எழுதிக் கொடுப்பதிலேயே வேலை நேரத்தில் கணிசமான பகுதி போயிற்று. மதிப்பீடு எழுதிய வேலைகளில் பல நடக்கவே இல்லை. டேவிட் ஆண்டர்சன் என்பவரின் யோசனைப்படி அந்த மதிப்பீட்டை நிறுத்தினார்கள். கை கொள்ளும் அளவுக்கு மட்டும் வேலை எடுத்தார்கள். 9 மாதங்களில் கடைசி இடத்திலிருந்த குழு முன்வரிசைக்கு வந்தது. ஆட்களை விரட்டி வேலை வாங்கியதால் வந்த பலன் அல்ல இது.

ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் நிரூபித்த கணக்கு ஒன்று இதற்கு ஆதாரம். கையிலிருக்கும் வேலையை, வாரத்துக்கு முடியும் வேலையால் வகுத்தால், ஒரு வேலை முடியச் சராசரியாக எத்தனை வாரம் என்று தெரியும். கையில் 20, வாரம் முடிவது 5 என்றால் 4 வாரம். கையிலிருப்பதை 10 ஆக்கினால் 2 வாரம். நம் கடையில் 20 மூட்டை அரிசி இருந்து வாரம் 5 மூட்டை விற்றால் ஒவ்வொரு மூட்டையும் 4 வாரம் படுத்திருக்கும். இதே கணக்குத்தான்! மூட்டையோடு நம் பணமும் 4 வாரம் படுத்திருக்கிறது என்பதை மறந்துவிடலாகாது.

இப்போது நம் நிலைமைக்கு வருவோம். மாதக் கடைசியில் கம்பெனி விற்பனையாளர் இலக்கு என்று சொல்லிச் சரக்கை நம் தலையில் கட்டுகிறார். மொத்த வியாபாரிகளாகிய நாம் அதைச் சில்லறைக் கடைக்காரர் தலையில் கட்டுகிறோம். ஒரு டஜனுக்கு ஒன்று இலவசம் என்றதும் அவரும் வாங்கிவிடுகிறார். மூன்று மாதம் கழித்து பிஸ்கட் தேதி தாண்டுகிறது. இலவசமாக வந்ததைப் போலப் பல மடங்கு குப்பைக்குப் போகிறது. வெல்லத்துக்கும் பருப்புக்கும் கையில் பணமில்லாமல் வட்டிக்கு வாங்குகிறார். இதில் நமக்கும் பங்கு உண்டு என்பதை மனச்சாட்சியோடு ஒப்புக்கொள்ள வேண்டும். சில்லறைக் கடைக்காரர் கடையை மூடினால் நம் பாக்கியும் அவரோடு போகிறது.

எல்லாச் சரக்குக்கும் இது பொருந்துமா என்றால், பொருந்தாது. புளியும் மிளகாயும் வெள்ளாமைக் காலத்தில் வாங்கி வைக்க வேண்டியவை. டொயோட்டாவே 2011 நிலநடுக்கத்துக்குப் பிறகு மின்னணுச் சில்லுகளைப் பல மாத இருப்பு வைக்க ஏற்பாடு செய்தது. இருப்பே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. தெரிந்து வைக்கும் இருப்பு வேறு, தெரியாமல் தேங்கும் இருப்பு வேறு. கம்ப்யூட்டர் கம்பெனிகளிலும், பலகையை மாட்டிவிட்டு வரம்பைக் கடைப்பிடிக்காதவர்கள் உண்டு. எல்லா வேலையும் அவசரம் என்று எல்லாச் சீட்டையும் ஒட்டிவிட்டால் அது பலகை அல்ல, வெறும் சுவர்.

ஆகவே, அன்பர்கள் பெரிய செலவு எதுவும் செய்ய வேண்டாம். வேகமாக ஓடும் பத்துச் சரக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் இதற்கு மேல் வாங்குவதில்லை என்று வரம்பு எழுதுங்கள். புதுச் சரக்கு வந்து சேரும்வரை விற்கப் போதுமான பெட்டிகளைப் பின்னால் ஒதுக்கி, அவற்றின் மேல் ஓர் அட்டை வையுங்கள். அட்டை கைக்கு வந்த அன்று ஆர்டர் போடுங்கள்; வராதவரை எந்தத் திட்டத்துக்கும் மயங்காதீர்கள். கடன் பாக்கிக்கும் இதே வரம்பு வேண்டும். பழையது வசூலாகாமல் புதுக் கடன் கூடாது. மொத்த வியாபாரிகளோ, சில்லறைக் கடைக்காரர் கேட்காத சரக்கை வண்டியில் ஏற்றுவதில்லை என்று முடிவெடுக்க வேண்டும். மாத விற்பனை முதலில் குறையத்தான் செய்யும். பாக்கி நிற்பதும் குறையும்.

பத்து நிமிடத்தில் வீட்டு வாசலுக்குச் சரக்கு கொண்டுவரும் கம்பெனிகளோடு பணபலத்தில் நாம் போட்டி போட முடியாது. நம் சிறு முதலை முடங்காமல் சுழல வைக்க நம்மால் முடியும். நம் கடையிலிருந்து உலகம் கற்றுக்கொண்டதை, நம் பிள்ளைகளிடம் கேட்டாவது நாம் கற்றுக்கொள்வோம்!