கேப்டன் லட்சுமிக்குப் பின்னால் நின்றவர்கள்

சுதந்திர தின விழாக்களில் கேப்டன் லட்சுமியின் படத்துக்கு மாலை போடுகிறோம். போட வேண்டியதுதான். ஆனால், அவர் பின்னால் அணிவகுத்த பெண்கள் யார்?

1943 அக்டோபர் 22 அன்று ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாமை நேதாஜி சிங்கப்பூரில் தொடங்கி வைத்தார். படையில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலேயா ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தமிழ்க் குடும்பங்களின் பெண்கள். அவர்களில் பலர் இந்தியாவைப் பார்த்ததே இல்லை.

அந்தத் தோட்டங்களுக்குக் கங்காணிகள் ஆள் பிடித்த மாவட்டங்களில் நம் தஞ்சையும் ஒன்று. நாகப்பட்டினத்தில் கப்பலேறியவர்களில் கணிசமானோர் சேரி மக்கள். இங்கே பண்ணையாட்களுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் தண்டனையாக இருந்த காலம் அது. அங்கே இந்திய தேசிய ராணுவத்தில் சாதி, மதம் பாராமல் ஒரே அடுப்பில் சமைத்ததை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நாட்டுப்பற்று என்று நாங்கள் மதிப்பது இதைத்தான்.

சிலை வார்க்கும் ஊர் சுவாமிமலை. நாங்கள் சிலை கேட்கவில்லை, பெயர்களைக் கேட்கிறோம். சுற்றியுள்ள ஊராட்சிகளின் மகளிர் சுய உதவிக் குழுக்கள் ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஒரு தீர்மானம் கொண்டுவரட்டும். மலேயா போன குடும்பங்களின் விவரத்தை வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். பழைய கடிதம், புகைப்படம், பாட்டி சொன்ன செய்தி என எதையும் விடக்கூடாது. எழுதுகிற வேலையைக் கல்லூரி மாணவர்கள் ஏற்கலாம். ஆதிதிராவிடர் தெருவிலிருந்து தொடங்குங்கள். விவரம் தெரிந்த முதியவர்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஒரே ஒரு பெயர் கிடைத்தாலும் போதும். அடுத்த கொடியேற்றத்தில் ஊரார் முன்னிலையில் அதை வாசிப்போம்.